பென்சிலில் எழுதிய நீலச்சிறகிகள்

எஸ்தர் அண்ணி, நான் எதைச் சொன்னாலும் கடைசிவரை கேட்டுவிட்டுப் பேசுகிற என் அண்ணிக்கு,

வருகிற லெந்து நோன்புக் காலத்தோடு நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. கல்லறைக்குப் பூ கொண்டு வரும்போது இதையெல்லாம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அங்கே அண்ணன் பக்கத்தில் நிற்பார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். நம் ஏரியைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் படித்தாலும் படிக்கட்டும்.

நான் தர்மபுரியிலிருந்து மாற்றல் வாங்கிக்கொண்டு ஜூன் மாதமே திரும்பிவிட்டேன். மூன்று வருஷம் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டிய மாற்றல். நீங்கள் இருக்கும்போது கேட்கவில்லை. தலைமையாசிரியர் பதவி கிடைத்த பெருமை எனக்கு. அந்த மூன்று வருஷத்தில் ஏரிப் பக்கம் என்ன ஆனது என்று போனில் கேட்பேன். "வந்து பாரு கிரேஸ்" என்று மட்டும் சொல்வீர்கள். வரவில்லை.

வந்த பிறகு பார்த்தேன். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பிலிருந்து நம் தெரு வரைக்கும் எல்லாம் அடுக்குமாடி. ஏசி பெட்டிக்குப் பின்னால், ஜன்னல் மேடையில், எங்கே பார்த்தாலும் மாடப்புறா. சர்ச் காம்பவுண்டில் மயில் வந்து அகவுகிறது. போதகர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அங்கே காட்டுப் பக்கம் இடமில்லாமல்தான் இங்கே வருகிறதோ என்று நினைத்தேன்.

ஏரியில் பாதிக்கு மேல் ஆகாயத்தாமரை. கரையில் நின்றால் பச்சை மைதானம் மாதிரி இருக்கிறது. அதன் மேல் நீலத் தாழைக்கோழிகள் சொந்த வீட்டு வாசல் போல நடக்கின்றன. சாக்கடை வந்து விழுகிற மூலையில் நெடுங்கால் உள்ளான்கள் கூட்டமாக நிற்கின்றன. புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு இத்தனை பறவையா என்று தோன்றும். நமக்குத்தானே தெரியும் அண்ணி, வாத்துக்கு இறங்கத் திறந்த தண்ணீர் வேண்டும் என்று. மதகுப் பக்கம் ஒரு கோவில் குளம் அளவுக்குத்தான் இப்போது தண்ணீர் தெரிகிறது.

நவம்பரில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ரங்கநாதன் சார் வீட்டுக்கு வந்தார். ஏரியின் வடக்குக் கரையோரமாக ஒரு சாலை போடப்போகிறார்களாம். அந்த ஆழமில்லாத பகுதியில் மண் கொட்டி உயர்த்த வேண்டுமாம். லாரிகள் அதற்குள் வரத் தொடங்கியிருந்தன. ஆலோசனை நிறுவனம் ஒன்று அறிக்கை கொடுத்திருக்கிறது. ஏரியில் வலசைப் பறவைகள் சொல்லும்படி இல்லை என்று அதில் எழுதியிருக்கிறது.

"ஜனவரியில கருத்துக் கேட்புக் கூட்டம் மேடம். நம்மகிட்ட ஆதாரம்னு ஒண்ணு இருந்தா அது உங்க அண்ணியோட நோட்டுதான். எட்டு வருஷப் பறவைக் கணக்கு. அத மட்டும் குடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார்.

பெருமையாக இருந்தது. பெருவெள்ளத்துக்கு அடுத்த வருஷம் நாம் இரண்டு பேரும் ஆரம்பித்த நோட்டுகள். ஞாயிறு காலை முதல் ஆராதனைக்கு முன்னால் கரையைச் சுற்றி வந்து, நீங்கள் எண்ண, நான் எழுத, பிறகு நான் எண்ண, நீங்கள் எழுத. இரண்டு எண்ணும் ஒத்துவராவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. மறைமலை நகர் தொழிற்சாலையில் இருபது வருஷம் உதிரிபாகங்களை அளந்து பார்த்துத் தப்பானதை ஒதுக்கிய கை உங்களுடையது. பறவையையும் விடவில்லை. "பார்த்ததை எழுது. இருந்திருக்கும்னு எழுதாத" என்பீர்கள். நாத்தனாரும் அண்ணியும் சண்டை போடாமல் நடக்கிறார்களே என்று தெருவில் ஆச்சரியப்பட்டார்கள். நாம் போட்ட சண்டையெல்லாம் தண்ணீரில் மூழ்கிய முக்குளிப்பான் மேலே வந்ததா இல்லையா என்பதைப் பற்றி மட்டும்தானே.

அன்றைக்கே அண்ணனிடம் நோட்டுகளை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். குளிர்காலத்தில் வலசை வரும் நீலச்சிறகி வாத்துகள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன. முதல் இரண்டு வருஷம் எண்ணி முடியாமல் "நூற்றுக்கு மேல்" என்று எழுதியிருக்கிறோம். நான் ஊரை விட்டுப் போகும்போது அறுபது. அடுத்த இரண்டு பருவமும் நீங்கள் தனியாக எழுதியது நாற்பது, முப்பத்தைந்து. எல்லாம் நீல மையில், உங்கள் நேரான கையெழுத்தில்.

அதற்கு அடுத்த பருவம், உங்கள் கடைசிப் பருவம், பென்சிலில் இருந்தது. அறுபது. எண்பது. நூற்றுப்பத்து. பொங்கல் சமயத்தில் நூற்றிருபது.

கணக்கு வாத்தியாரான எனக்கு இது கண்ணில் படாமல் போகுமா? குறைந்துகொண்டே வந்த ஒன்று ஒரே வருஷத்தில் ஏன் ஏறுகிறது? அப்புறம்தான் தேதியைப் பார்த்தேன். டிசம்பரில் ஒரு ஞாயிறு. அன்றைக்கு நீங்கள் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தீர்கள். எனக்கு எப்படி மறக்கும்? தர்மபுரியிலிருந்து பஸ் பிடித்து வந்து அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றவள் நான். அந்தத் தேதிக்கு நேராக "நீலச்சிறகி 85" என்று இருக்கிறது. அதுவும் உங்கள் கையெழுத்தில்தான். பின்னால் வீட்டுக்கு வந்து எழுதியிருக்கிறீர்கள்.

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். வாசல் கேட் வரைக்கும் நடக்க முடியாதவர் எப்படி ஏரிக்கரையைச் சுற்றியிருக்க முடியும்?

அண்ணி, அன்றைக்கு உங்களைச் சந்தேகப்பட்டேன். மறைக்க மாட்டேன். படுக்கையில் கிடந்து இல்லாத பறவைகளை இட்டுக்கட்டி எழுதினீர்கள் என்று நினைத்தேன். கோபமா, அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் ஏரிக்குப் போனேன். வலை போடுகிற தேசிங்கு மதகருகில் உட்கார்ந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இன்னா டீச்சர், பாத்து எம்மா நாளாச்சு. அந்தம்மா பூட்டாங்கன்னு கேட்டதும் மன்சே பேஜாரா பூச்சு."

"அவங்க கடைசியா எப்ப இங்க வந்தாங்க தேசிங்கு?"

"அவங்க வந்து ரெண்டு வருசம் கீது. அவங்க வூட்டுக்காரருதான் வருவாரு. ஞாயித்துக்கெயம தவறாது."

எனக்கு மூச்சு திரும்பி வந்த மாதிரி இருந்தது. அண்ணன் எண்ணிக்கொண்டு வந்து சொல்ல, நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்! "அவரும் கரையைச் சுத்தி வந்து எண்ணுவாரா?" என்று கேட்டேன்.

தேசிங்கு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கரை மேல எங்க ஏறனாரு? அதோ அந்த டீக்கட கீது பாரு, அத்தாண்ட வண்டிய நிறுத்திகினு அது மேலயே குந்திகினு இருப்பாரு. ஒரு டீ குடிப்பாரு. அரமணி நேரம் கயிச்சு பூடுவாரு. நானே ஒருவாட்டி கூப்டேன், மேல வா சார்னு. கைய ஆட்டிகினே கெளம்பிட்டாரு."

டீக்கடை இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் கரையின் மண்சரிவுதான் தெரியும். தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தெரியாது.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஆராதனைக்குப் புறப்பட்டு, சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். நோட்டைத் திறந்து மேஜைமேல் வைத்தேன். "அண்ணா, இந்த நம்பரெல்லாம் யாரு சொன்னது?" என்றேன்.

"உங்க அண்ணி எழுதினது. என்னை ஏன் கேக்கற?"

"தேசிங்க பாத்துட்டு வர்றேன்."

நோட்டை மூடித் தள்ளினார். பிறகு கத்தினார். "செத்துப்போனவ நோட்டை நோண்டறதுக்கா தர்மபுரியில இருந்து வந்த? அவ உயிரோட இருக்கும்போது ரெண்டு தடவை வந்த. ரெண்டே தடவை!"

சரியான இடத்தில்தான் அடித்தார். அப்படியே நின்றேன். கத்தி முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"முதல் வாரம் ஏறணும்னுதான் போனேன் கிரேஸ். அவதான் அனுப்பினா. கீழ நின்னு மேல பாத்தேன். அவ இல்லாம அந்தக் கரையில எப்படி நிக்கறது? அவ உயிரோட இருக்கும்போதே இல்லாம போயிட்ட மாதிரி ஆயிடுச்சு எனக்கு. ஒரு டீயக் குடிச்சுட்டு வந்துட்டேன். வந்ததும் எத்தனைன்னு கேட்டா. வாயில வந்தது, அறுபதுன்னேன். அப்படியே தலையணையில சாஞ்சு கண்ண மூடிக்கிட்டு, 'வந்துடுச்சா'ன்னா. அந்த முகத்தப் பாத்தப்புறம் அடுத்த வாரம் நான் எப்படிக் குறைச்சு சொல்வேன்?"

"ஏன் பென்சில்?" என்றேன்.

"அவதான் கேட்டா. படுத்துக்கிட்டு எழுதினா பேனாவுல மை இறங்கலைன்னு பென்சில் எடுக்கச் சொன்னா."

அதுதான் காரணமா அண்ணி? அப்படியும் இருக்கலாம். ஆனால் தொழிற்சாலைக் கதை ஒன்று எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அளவு சந்தேகமாக இருந்தால் முதலில் பென்சிலில் குறித்து வைப்பீர்களாம். மறுபடி அளந்து உறுதியான பிறகுதான் பேனாவால் எழுதுவீர்களாம். இது அண்ணனுக்குத் தெரியாது. நானும் இன்றுவரை சொல்லவில்லை. அவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்தேதான் ஒவ்வொரு ஞாயிறும் "எத்தனை?" என்று கேட்டீர்களா? அவருக்காக முகத்தை மலர்த்தி வைத்துக்கொண்டீர்களா? யார் யாரைத் தேற்றியது?

அன்று அண்ணன் ஆராதனைக்கு வரவில்லை. ஆனால் நான் கிளம்பும்போது வாசலில் நிறுத்திச் சொன்னார். "அப்படியே குடுத்துடு கிரேஸ். நூத்தியிருபதுன்னு இருந்தாத்தான் ஏரி தப்பும். முப்பதுன்னு இருந்தா, பறவையெல்லாம் ஏற்கெனவே போயாச்சே, மண்ணக் கொட்டலாம்பான். அவ ஆசைப்பட்டது ஏரி இருக்கணும்னுதானே?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் பயமாக இருந்தது. உண்மை எதிர்த்தரப்புக்கு உதவும். பொய் நமக்கு உதவும். கையெழுத்து உங்களுடையது, உங்களைக் கூப்பிட்டு யார் கேட்கப்போகிறார்கள்? ரங்கநாதன் சாரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவரும் தலையைச் சொறிந்தார். "மேடம், நான் எதையும் கேக்கல, நீங்க எதையும் சொல்லல. நோட்டு அப்படியே இருக்கட்டுமே" என்றார்.

கூட்டம் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மதியம், சமுதாயக் கூடத்தில். அதற்கு முந்தைய ஞாயிறு தனியாகப் போய் எண்ணினேன். மூன்று முறை எண்ணினேன். மதகுப் பக்கத்துத் தண்ணீரில் ஆறு நீலச்சிறகிகள். ஆறுதான். நாலாவது முறை எண்ணினால் கூடுமோ என்ற சபலத்தோடு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்ணினேன். கூடவில்லை.

கூட்டத்துக்குப் பேனாவில் எழுதிய பக்கங்களை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு போனேன். அந்த ஞாயிறு எண்ணியதையும் சேர்த்துக்கொண்டேன். அண்ணன் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். மேடையில் கூட்டத்தை நடத்திய அரசுப் பெண் பொறியாளர். நம் வயதுதான் இருக்கும். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சாலை வேண்டும் என்றவர்களை விரோதிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பெண் எழுந்து, தன் மாமியாரை ஏற்றிய ஆம்புலன்ஸ் சிக்னலில் எவ்வளவு நேரம் மாட்டிக்கொண்டு நின்றது என்று சொல்லும்போது குரல் உடைந்தது. "வாத்துக்கு நாங்க என்ன கெடுதல் நெனச்சோம்? எங்களுக்கு ஒரு வழி குடுங்க" என்றார். நிறையப் பேர் கை தட்டினார்கள். அதற்கு அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

படித்தேன். நூற்றுக்கு மேல், அறுபது, நாற்பது, முப்பத்தைந்து. "போன ஞாயித்துக்கிழமை எத்தனை?" என்று பொறியாளர் கேட்டார்.

"ஆறு மேடம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஆலோசனை நிறுவனத்திலிருந்து வந்திருந்தவர் என் நகலைப் புரட்டிக்கொண்டிருந்தார். "நாங்க சொன்னதத்தான் மேடமும் சொல்றாங்க. பறவைங்க குறைஞ்சு போச்சு. இன்னொண்ணு, நடுவுல ஒரு பருவம் முழுசா காணோம். அந்தப் பக்கங்கள் எங்க? ஒண்ணுமே வரலைன்னு மறைச்சுட்டீங்களா?"

என்ன சொல்வேன்? அண்ணனை ஊர் நடுவில் நிறுத்துவதா? "அந்தப் பருவம்..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தப் பக்கம் எங்கிட்ட இருக்கு" என்று ஒரு குரல் கேட்டது.

அண்ணன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். நான் நகல் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த நோட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே வியர்த்துப்போகிற மனுஷன். மைக் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுப் பேசினார்.

"அதுல நூத்தியிருபதுன்னு இருக்கு. பொய். நான் சொன்ன பொய். என் வீட்டுக்காரி படுத்த படுக்கையா இருந்தா. எண்ணிட்டு வாங்கன்னு என்னை அனுப்பினா. நான் கரை மேல ஏறவேயில்ல. அவ சந்தோசப்படட்டும்னு வாய்க்கு வந்ததச் சொன்னேன். அவ எழுதினா. அதக் காட்டினா எங்க பக்கம்தான் பலம். என் தங்கச்சி காட்ட மாட்டேன்னுட்டா. அவ எதையும் மறைக்கல. என்னைத்தான் மறைச்சா."

சொல்லிவிட்டு நடந்து வந்து நோட்டை மேடையில் வைத்தார். உட்கார இடம் தெரியாமல் என் பக்கத்திலேயே நின்றார். யாரும் சிரிக்கவில்லை. ஆம்புலன்ஸைப் பற்றிப் பேசிய பெண் தன் நாற்காலியை அவருக்குத் தள்ளிவிட்டார்.

பொறியாளர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். ரொம்ப நேரம். நீங்கள் அடித்துத் திருத்திய இடங்கள், "கிரேஸ் 72, நான் 75, மறுபடி எண்ணியது 73" என்று எழுதிய இடங்கள் எல்லாம் அவர் விரலுக்குக் கீழே போயின. "அப்ப மீதியெல்லாம் நம்பலாம்" என்றார். வேறு யாரையும் பார்க்காமல் தனக்குத்தானே சொன்ன மாதிரி இருந்தது. பிறகு ஆலோசனை நிறுவனத்துக்காரரிடம் திரும்பினார். "நீங்க எந்த மாசம் வந்து பாத்தீங்க?"

அவர் காகிதங்களைப் புரட்டினார். மே மாதம் என்றார். மே மாதத்தில் வலசைப் பறவைக்கு இங்கே என்ன வேலை அண்ணி?

ஜெயித்துவிட்டோம் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. சாலை ரத்தாகவில்லை. ஆகாயத்தாமரையை மதகுப் பக்கமிருந்து எடுக்க வேண்டும், அடுத்த குளிர்காலம் முடியும்வரை சங்கத்தாரும் ஆலோசனை நிறுவனத்தாரும் சேர்ந்து எண்ண வேண்டும், அதுவரை வடக்குக் கரையில் மண் கொட்டக் கூடாது, அதன் பிறகே சாலை எந்தப் பக்கம் போவது என்று முடிவு. பொறியாளர் சொன்ன இந்த உத்தரவு எழுத்தில் வர இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் லாரிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடினேன். இப்போது லாரி வருவதில்லை. ஏற்கெனவே கொட்டிய மண்மேடு அப்படியே கிடக்கிறது. அதன் மேல் நாய்கள் வெயில் காய்கின்றன.

போன ஞாயிறு அண்ணன் வந்தார். டீக்கடையைத் தாண்டி வண்டியை நிறுத்திவிட்டு, சரிவில் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். முழங்கால் வலி என்றார். மேலே வந்ததும் தண்ணீரைப் பார்க்காமல் கொஞ்ச நேரம் செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். தொலைநோக்கியைக் கொடுத்து, மதகுக்கு இடது பக்கம், கண்ணுக்கு மேலே புருவம் மாதிரி வெள்ளைக் கோடு போட்டிருக்கும் பாருங்கள் என்றேன்.

ரொம்ப நேரம் தேடினார். பிறகு அப்படியே நின்றுவிட்டார்.

"இதுவா?" என்றார். "இவ்ளோ சின்னதா இருக்கும்னு அவ சொல்லவேயில்லையே."

நூற்றிருபது, நூற்றுப்பத்து என்று வாரம் தவறாமல் சொன்னவர் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை அண்ணி. தொலைநோக்கியை இறக்கவே இல்லை. கீழே கன்னம் நனைந்திருந்தது. நான் நோட்டைத் திறந்துகொண்டு காத்திருந்தேன். ஒன்று, இரண்டு என்று மெதுவாக எண்ணினார். ஐந்து என்றார். நான் எண்ணியது ஆறு. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினோம். ஐந்துதான். அவர் சொன்னதுதான் சரி.

முந்தின வாரத்தை விட ஒன்று குறைவு. அது வேறு இடத்துக்குப் போயிருக்கலாம். புல்லுக்குள் இருந்திருக்கலாம். நாய் பிடித்திருக்கலாம். எனக்குத் தெரியாது.

அண்ணி, எனக்குப் பயமாக இருக்கிறது. அடுத்த மார்கழியில் திறந்த தண்ணீர் காத்திருந்தும் அவை வராமல் போகலாம். அந்த ஞாயிறும் நாங்கள் இரண்டு பேரும் கரையேறி நிற்போம். வந்தால் எத்தனை என்று சொல்கிறேன். ஒன்றுகூட வராவிட்டாலும் அன்றைக்கே உங்களிடம் வந்து, வரவில்லை அண்ணி என்று சொல்வேன். உங்களைத் தேற்ற ஒரு பறவையைக்கூடச் சேர்க்க மாட்டேன். இது என் வாக்கு.

இரண்டே தடவை வந்து பார்த்த,
உங்கள் நாத்தனார்
கிரேஸ்